ஃபேன் இறகில் எழுதிய பெயர்: கிறிஸ்தவ விசுவாசத்தில் எது நற்கிரியை?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியின் சுருக்கம் இது: “நற்கிரியையினால் இரட்சிப்பு இல்லை என்று எங்கள் ஐயர் (சபைப் போதகர்) பிரசங்கிக்கிறார். அடுத்த வாரமே அறுப்பின் பண்டிகைக்கு நன்கொடை கேட்டு நோட்டீஸ் வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் இந்து. ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவரைத் தன் வண்டியில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அது தேவனுக்கு முன்பாக நற்கிரியை ஆகாதா? ஆலயத்துக்கு ஆறு ஃபேன் வாங்கிக் கொடுத்து இறகில் அப்பா பெயரை எழுதினால் தப்பா? கத்தோலிக்க நண்பன் இதற்கெல்லாம் வேறு மாதிரி பதில் சொல்கிறான். கடைசியில் எந்தச் செயல்தான் நல்லது?”

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ‘இந்தச் செயல் நல்லதா?’ என்பது ஒன்று. ‘இந்தச் செயல் என்னை இரட்சிக்குமா?’ என்பது இன்னொன்று. ஐயர் பேசியது இரண்டாவதைப் பற்றி, நோட்டீஸ் வந்தது முதலாவதைப் பற்றி. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால், ‘இரட்சிக்காத காரியத்தை எதற்காகச் செய்ய வேண்டும்’ என்ற இடத்தில்தான் வந்து முட்டும்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். அதில் நம் குமரி மாவட்டத்துச் சபைகளுக்குள் நாம் நினைக்கிற அளவு சண்டை கிடையாது. ‘கத்தோலிக்கர் செயல்களைக் கொடுத்து மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள்’ என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். ‘விசுவசித்தால் போதும், எப்படியும் வாழலாம் என்பவர்கள் இவர்கள்’ என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். இரண்டுமே மற்றவர் போதிக்காததை அவர் தலையில் கட்டுவது. கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் இதைப் பற்றி வெளியிட்ட விதிகளில் முதலாவதே, கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் கடவுள்முன் நீதிமானாக முடியும் என்பவரைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. லுத்தரன் சபையின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையோ, 20-ஆவது பிரிவில், ‘நாங்கள் நற்கிரியைகளைத் தடுக்கிறோம் என்பது பொய்க் குற்றச்சாட்டு’ என்று ஆரம்பிக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது கிருபையால்தான், நம் தகுதியால் இல்லை, ஏற்றுக்கொண்டவர் நம்மை நற்செயல்களுக்குத் தயார்படுத்தி அழைக்கிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-லும், உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு 2017-லும் அதில் சேர்ந்துகொண்டன. பாக்கி இருக்கிற வேறுபாடுகள் சின்னவை இல்லை. ஆனாலும் திண்ணைச் சண்டையில் பேசப்படுபவை அவை இல்லை.

எபேசியர் 2-ஆம் அதிகாரத்தை 8, 9 வசனங்களோடு நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் உண்டானதல்ல என்று அங்கே வருகிறது, சரி. அடுத்த வசனம், 10: ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு’ என்கிறது. கிரியை வேர் இல்லை, கனி. மாமரம் காய்ப்பதால் மாமரம் ஆவதில்லை. ஆனால் பத்து வருஷமாக ஒரு பூ கூடப் பூக்காத மரத்தைக் காட்டி ‘இது நல்ல ஒட்டு மாங்கன்று’ என்று சொன்னால் தோட்டக்காரர் சிரிப்பார். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரம் சொல்வது இந்தச் சிரிப்பைத்தான்.

தமிழில் நமக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு, ‘புண்ணியம்’ என்ற சொல். நம் பேச்சில் அது கணக்குப் புத்தகத்தோடு வருகிறது: இங்கே செய்தால் அங்கே வரவு. பழைய கத்தோலிக்கத் தமிழில் அதே சொல் நற்பண்பு என்ற பொருளில் வழங்கியது, அவர்கள் வரவுக் கணக்குக்குச் சொல்வது ‘பேறுபலன்’. அந்தப் பேறுபலனையும் கடவுளுடைய கொடை என்றே திரெந்து சங்கம் சொல்கிறது: அவர் தம் கொடைகளையே நம் பேறுகளாகக் கணக்கில் எடுக்குமளவு நல்லவர் என்று. லூக்கா 17:10-இன் அளவுகோல் இன்னும் கடுமை. எல்லாம் செய்து முடித்த வேலைக்காரனும் ‘அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்’ என்று சொல்ல வேண்டுமாம். ஆக, ‘இத்தனை செய்தேன், இன்னும் என் மகனுக்கு வேலை கிடைக்கவில்லையே’ என்று ஒருவர் கேட்டால், அவர் கையில் இருப்பது கிறிஸ்தவக் கணக்கு இல்லை, வேறு கடைப் பற்றுவரவு.

இனி உங்கள் முதல் கேள்வி. ஒரு செயலை நல்லதாக்குவது எது?

இதைக் கத்தோலிக்க மரபு மூன்றாகப் பிரிக்கும்: செய்கிற காரியம், செய்பவரின் நோக்கம், சூழ்நிலை. இறையியலாளர் அக்குவினா தோமா 13-ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதி வைத்தது இது, கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் இன்றும் இருக்கிறது. கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபும் மூன்றாகவே பிரிக்கும், வெட்டுகிற இடம்தான் வேறு. 1563-ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் வினாவிடையின் 91-ஆவது கேள்வி ‘நற்கிரியை என்றால் எவை?’ மெய்யான விசுவாசத்திலிருந்து பிறந்து, தேவனுடைய பிரமாணத்தின்படி, அவருடைய மகிமைக்காகச் செய்யப்படுபவை மாத்திரம் என்பது பதில். நம் சொந்த யோசனையில் உதித்தவையும் மனுஷர் ஏற்படுத்தினவையும் சேராது என்று ஒரு வாலும் அதற்கு உண்டு. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘காரியம்’ என்பதும் ‘பிரமாணம்’ என்பதும் ஏறக்குறைய ஒரே இடம். ‘நோக்கம்’ என்பதும் ‘மகிமை’ என்பதும் அப்படியே. சீர்திருத்தக்காரர் கூடுதலாகக் கேட்பது, இந்தச் செயல் எந்த வேரிலிருந்து வந்தது என்று. கத்தோலிக்கர் கூடுதலாகக் கேட்பது, எந்த நேரத்தில், எந்த அளவில், யாருக்கு என்று. நான் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தச் சொல்வேன். ஒன்று விடுகிற ஓட்டையை மற்றது அடைக்கிறது.

இரு தரப்பும் ஒத்துப்போகிற ஒரு விதி உண்டு. நன்மைக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும், கெடுவதற்கு ஒரு குறை போதும். ரப்பர் ஷீட் அடிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வடிகட்டி, அளவாகத் தண்ணீர் சேர்த்து, எல்லாம் செய்தாலும், வாளியில் நேரந்தெரியாமல் கொஞ்சம் ஆசிட் விழுந்தால் மொத்தப் பாலும் அங்கேயே உறைந்துவிடும்.

காரியமே கெட்டதாக இருந்தால் நோக்கம் அதைக் காப்பாற்றாது. ‘நன்மை வரும்படிக்குத் தீமை செய்வோம்’ என்பதை ரோமர் 3:8 நேரடியாகவே தள்ளுகிறது. ஆலயம் கட்டப் பொய்க் கணக்கு எழுதுவது, சபைப் பள்ளியில் வேலைக்குப் பணம் வாங்கி அந்தப் பணத்தில் கோபுரம் எழுப்புவது எல்லாம் இதில் அடங்கும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை, அடுத்ததற்குப் போகலாம்.

நோக்கம்தான் ஃபேன் விஷயம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, மனுஷர் பார்க்கும்படி செய்கிறவர்களைப் பற்றி ‘தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது’ என்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் வினைச்சொல் அக்காலத்து ரசீதுகளில் எழுதப்பட்ட சொல். ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை’ என்று பற்றுச்சீட்டில் எழுதுவார்களே, அது. அந்தச் செயலைத் தண்டிப்பேன் என்று இயேசு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி பட்டுவாடா ஆகிவிட்டது என்கிறார். புகழ் வேண்டியிருந்தது, புகழ் கிடைத்தது, கணக்கு முடிந்தது.

நம் ஊர் ஆலயங்களில் மேலே பார்த்தால் இந்த ரசீதுகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இறகிலும் சிவப்புப் பெயின்ட்டில் ‘நினைவாக’, ‘அன்பளிப்பு’, குடும்பப் பெயர், சில இடங்களில் வெளிநாட்டு ஊரின் பெயரும் சேர்த்து. ஃபேன் சுற்றும்போது ஒன்றும் வாசிக்க முடியாது, கரண்ட் போனால்தான் யார் கொடுத்தது என்று தெரியும். (கரண்ட் போன நேரத்தில் அந்தப் பெயரை யாரும் நன்றியோடு வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம்.) இதைத் தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். இறந்த தகப்பனை நினைத்துக் கொடுப்பது நல்ல நோக்கம்தான். பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பெயர் எழுதக் கூடாது என்று கமிட்டி முடிவெடுத்தால் அந்த ஆறு ஃபேனையும் கொடுப்பீர்களா? ‘கொடுப்பேன்’ என்று தயங்காமல் வாயில் வந்தால் எழுதினாலும் பெரிய சேதமில்லை. ‘அப்படியானால் யோசிக்கணும்’ என்று வந்தால், வாங்கப்படுவது விளம்பரப் பலகை. அப்பாவை நினைவுகூரப் பெயின்ட் தேவையில்லாத வழிகளும் உண்டு. அவர் இறந்த நாளில் ஜெபக் குறிப்பாகக் கொடுக்கலாம். அதே பணத்தை அப்பா வேலை பார்த்த இடத்தில் கஷ்டப்படுகிற ஒருவருக்குக் கொடுக்கலாம்.

இதற்கு எதிராக மத்தேயு 5:16-ஐ எடுத்துக் காட்டுவார்கள்: உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காண வேண்டும் என்று அதே பிரசங்கத்தில் இருக்கிறதே? இருக்கிறது. வசனத்தின் கடைசிப் பாதியில், கண்டவர்கள் பரலோகத்திலிருக்கிற பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. பார்த்தவர் வீட்டுக்குப் போகும்போது யாரைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார் என்பதே வித்தியாசம்.

வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்ற வசனத்தைக் கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டதாக எடுக்க வேண்டும், பணத்தைக் கையாளுகிறவருக்கு அது பொருந்தாது. வரவு செலவு கேட்டால் இந்த வசனத்தைத் தூக்கிப் பிடிக்கிற பொருளாளர்கள் உண்டு. பவுல் எருசலேம் ஏழைகளுக்காக வசூலித்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார், யாரும் குறை சொல்லாதபடி கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8:20, 21-இல் காரணமும் எழுதுகிறார். கொடுத்தவர் பெயர் அந்தரங்கம், செலவுக் கணக்கு பகிரங்கம். நம்மிடம் அநேகமாக இது தலைகீழாக நடக்கிறது.

அடுத்து, பணம் எங்கிருந்து வந்தது. கேள்வியில் இது இல்லை, ஆனால் நற்கிரியை கெடுகிற இடங்களில் இதுதான் அதிகம். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பு உடைக்கிற பெண்களுக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி. முதலாளி ஈஸ்டருக்கு ஆலயத்துக்குப் புது மைக் செட் கொடுக்கிறார். கொடுத்த காரியம் நல்லது, நோக்கமும் நல்லதாகவே இருக்கட்டும். ஆனாலும் இது அவருடைய தானம் ஆகாது, அந்தப் பெண்களுடைய பணம். கூலியை அன்றன்றே, பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 சொல்கிறது. கொடாமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினர் பற்றி வெளியிட்ட ஏட்டின் 8-ஆம் எண்ணில் இதற்குக் கச்சிதமான விதி இருக்கிறது: நீதியின் கடன் முதலில் தீர வேண்டும், உரிமையாகச் சேர வேண்டியதை அன்புக் கொடையாகக் கொடுக்கக் கூடாது.

வட்டிப் பணத்துக்கு அக்குவினா தோமா இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார். ஒருவரிடமிருந்து அநியாயமாகப் பிடுங்கியது என்றால் அதை அவருக்கே திருப்ப வேண்டும், தர்மமாகக் கொடுக்க முடியாது. திருட்டும் கொடுவட்டியும் அவர் சொல்கிற உதாரணங்கள். வாங்கினவரும் கொடுத்தவரும் சேர்ந்து தப்பு செய்த பணம், உதாரணமாகச் சபைப் பதவியை விலைபேசிய பணம், என்றால் திருப்பிக் கொடுக்கவும் தகாது, அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே கந்துவட்டிக்காரர் கோயிலுக்கு மணி செய்து கொடுக்க வந்தால், பங்குத்தந்தை சொல்ல வேண்டிய பதில் ‘முதலில் சகேயு செய்ததைச் செய்’ என்பதே. சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான்.

இதே வரிசையில் பெற்றோர். வயதான அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கப் பணமில்லை என்று சொல்லிவிட்டு மிஷனரி ஊழியத்துக்கு மாதம் ஆயிரம் அனுப்புகிறவர், மாற்கு 7:11-இல் வரும் ‘கொர்பான்’ கதைக்குள் நேராக நுழைந்துவிடுகிறார். ‘உனக்கு வரவேண்டியது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது’ என்று தகப்பனிடம் சொல்கிற அந்த ஏற்பாட்டை இயேசு தேவ வசனத்தை அவமாக்குவது என்றார். ஹைடல்பெர்க் வினாவிடையின் அந்த வால் இதற்காகத்தான்: நாமாகக் கண்டுபிடித்த பெரிய காரியத்துக்காகக் கட்டளையிடப்பட்ட சின்னக் காரியத்தை விடக் கூடாது.

சூழ்நிலை என்பதை நம் கடற்கரை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நேரில் பார்த்தது. சுனாமி அடித்த வாரங்களில் தமிழகக் கரையெங்கும் பழைய துணி லாரி லாரியாக வந்து ரோட்டோரம் குவிந்தது, உடுத்த ஆளில்லாமல் நனைந்து கிடந்தது. அனுப்பியவர்களின் காரியம் நல்லது, நோக்கமும் நல்லது. உழைத்துச் சாப்பிட்டு, நல்ல துணி உடுத்தி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் கேட்டது அதுவல்ல என்பதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. நல்ல சமாரியன் கதையை இதற்காகவே ஒருமுறை மெதுவாக வாசிக்க வேண்டும். அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் மிருகத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், அன்று இரவு தங்கிப் பார்த்தான், மறுநாள் 2 தினாரி கொடுத்தான். தினாரி என்றால் ஒரு நாள் கூலி, ஆக இரண்டு நாள் சம்பளம். அதோடு, கூடுதல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். அடிபட்டவனுக்கு எது தேவையோ அது, தேவைப்பட்ட வரிசையில், பின்தொடர்தலோடு. உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஆசாரிப்பள்ளத்தில் சேர்த்துவிட்டு, அடிபட்டவரின் வீட்டார் வந்து சேரும்வரை நின்றிருப்பாரானால், இந்தப் பட்டியலில் அவர் தேர்ச்சி.

அவரைப் பற்றியே கேட்டிருந்தீர்கள். இங்குதான் சபைகள் உண்மையாகவே பிரிகின்றன. கத்தோலிக்க நிலை: நீதிமானாக்கப்படுவதற்கு முன் செய்த எல்லாச் செயலும் பாவம் என்பதைத் திரெந்து மறுத்தது. விசுவாசமில்லாதவரின் செயலெல்லாம் பாவம் என்ற கருத்தை 1567-இல் ஐந்தாம் பயஸ் பாப்பரசரும் கண்டித்தார். ஆகவே அண்ணன் செய்தது உண்மையிலேயே நல்ல செயல். நித்திய வாழ்வுக்குப் பேறாக அது நிற்க அருள் வேண்டும், ஆனால் அருள் எங்கே வேலை செய்கிறது என்று எல்லை போட நமக்கு அதிகாரமில்லை. லுத்தரன் நிலை: மனுஷருக்கு முன்பான நீதி ஒன்று, தேவனுக்கு முன்பான நீதி ஒன்று. முதலாவதை எந்த மனிதனும் தன் சக்தியால் செய்யக்கூடும் என்று ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 18-ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. அண்ணன் அதில் முழு மதிப்பெண். இரண்டாவது விசுவாசத்தால் மட்டும். கடும் சீர்திருத்த நிலை, ‘விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே’ என்ற ரோமர் 14:23-ஐப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலிகன் சபையின் 39 பிரிவுகளில் 13-ஆவதும் அந்தப் பக்கம் சாயும். ஆனால் அந்தக் கடுமையின் உச்சமான 1646-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையே 16-ஆம் அதிகாரக் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறது: அப்படிப்பட்டவர்கள் அந்தக் காரியங்களைச் செய்யாமல் விடுவது அதைவிடப் பெரிய பாவம். அண்ணன் அந்த மனிதரை ரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று எந்தச் சபையும் சொல்லாது.

சி.எஸ்.ஐ.யில் இருக்கிற உங்களுக்கு இதில் எது கட்டாயம்? நம் மாவட்டத்துச் சபை, மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன் வழி வளர்ந்தது, சீர்திருத்த மரபின் ரத்தம் அதில் உண்டு. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றானபோது வேதத்தையும் அப்போஸ்தல, நிசேயா விசுவாசப் பிரமாணங்களையும் அடிப்படையாக வைத்தார்கள். 39 பிரிவுகளையோ வெஸ்ட்மின்ஸ்டரையோ யார் கழுத்திலும் கட்டவில்லை. ஆகவே அண்ணனைப் பற்றி உங்கள் ஐயரும் பக்கத்துச் சபை ஐயரும் வேறு வேறாகப் பேசினால் இருவரும் சபைக்குள்தான் நிற்கிறார்கள். என் சொந்தச் சாய்வைக் கேட்டால், அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்துப் பக்கம். ரோமப் படைத் தலைவன் கொர்நேலியு ஞானஸ்நானம் பெறும் முன்பே, அவனுடைய தர்மங்கள் தேவசந்நிதியில் எட்டினதாகத் தூதன் சொல்கிறான். அதோடு விட்டுவிடாமல் பேதுருவை அழைப்பிக்கவும் சொல்கிறான். அந்த இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

நிபந்தனை போட்ட நன்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மேல் வருகிற குற்றச்சாட்டு அது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிவிட்டு ‘ஞாயிற்றுக்கிழமை நம்ம சபைக்கு வந்துரணும்’ என்றால், அது கிறிஸ்தவ அளவுகோலிலேயே நற்கிரியை இல்லை, வியாபாரம். இயேசுவிடம் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன். வராத ஒன்பது பேருக்கும் சுகம் ரத்தாகவில்லை. இதற்கு நேர்மாறான உதாரணம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமையாக இருந்த பெண்கள் பணம் கட்டித் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். வாங்கினவரைக் கொடுத்தவரிடமிருந்தே விடுவிக்கிற கொடை அது. கொடுத்த பிறகு வாங்கினவர் நம்மைப் பார்த்துத் தலைகுனிய வேண்டியிருக்கிறதா, நிமிர முடிகிறதா என்று பாருங்கள். ஃபீஸ் உதாரணத்திலேயே இதைச் செய்யலாம்: கல்லூரியில் நேரே கட்டி, ரசீதை மாணவி பெயரில் வாங்கி, அவள் அப்பாவின் கையில் வாசலில் வைத்துக் கொடுக்காமல் வீட்டுக்குள் போய்க் கொடுங்கள். போட்டோ வேண்டாம்.

எவ்வளவு? காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட காசுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாற்கு 12:42 இரண்டு லெப்டா என்கிறது, அது ஒரு குவாட்ரன்ஸ். 64 குவாட்ரன்ஸ் ஒரு தினாரி. இன்றைக்கு ஒரு நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்தால், அவள் போட்டது 12 ரூபாய் 50 பைசா. பிரசங்கங்களில் விடுபடுவது என்னவென்றால், அதற்கு இரண்டு வசனம் முன்னால்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அவளைப் புகழ்ந்தது, அவளிடம் கடைசிக் காசுவரை வசூலிக்கலாம் என்ற அனுமதிச் சீட்டு இல்லை.

நம் பெண்களுக்குத் தெரிந்த பிடியரிசி எனக்கு இதில் சிறந்த வடிவமாகப் படுகிறது. உலை கொதிக்கும்போது அரிசியை அளந்து எடுத்து, கழுவுமுன் அதிலிருந்து ஒரு பிடி தனி டப்பாவில். சமைத்து மிஞ்சியதை எடுப்பதில்லை, குடும்பத்தின் பங்கிலிருந்தே எடுப்பது. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தால் ஒரு வேளைக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. முப்பது வீடு சேர்ந்தால் 45 கிலோ, இரண்டு மூன்று குடும்பத்துக்கு ஒரு மாதச் சோறு. யாருடைய பிடி எது என்று சாக்கில் கொட்டின பிறகு தெரியாது, இடது கைக்கு வேலையே இல்லை. காரியம், நோக்கம், சூழல் மூன்றும் டப்பாவிலேயே பொருந்தி உட்கார்ந்துவிடுகின்றன. இதிலும் கெடுகிற ஓரிடம் உண்டு: வீட்டுக்கு நல்ல அரிசி, டப்பாவுக்கு ரேஷன் அரிசி என்று பிரிக்க ஆரம்பித்தால். மல்கியா முதலாம் அதிகாரத்தில் ஊனமான ஆட்டைப் பலிக்குக் கொண்டுவருகிறவர்களிடம் தேவன் கேட்பது, ‘இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார்’ என்று.

லூத்தர் 1520-இல் நற்கிரியைகளைப் பற்றி எழுதியபோது, விசுவாசத்தோடு செய்தால் ஒரு துரும்பைப் பொறுக்கிப் போடுவதும் நற்கிரியை என்றார். ஆகவே ஆலயத்துக்குள் நடப்பதை மட்டும் பட்டியலிட்டுவிட்டு அதிகாலை ரப்பர் பால் வெட்டப் போகிற உழைப்பை, வலை பின்னுகிற உழைப்பை, படுக்கையில் கிடக்கிற மாமியாருக்குத் துணி மாற்றுகிறதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நண்பனுக்காக நேர்ச்சையைப் பற்றியும் கொஞ்சம். பிள்ளை தேறினால் கோட்டாறு சவேரியாருக்கு இவ்வளவு செய்கிறேன் என்று நேர்வது கத்தோலிக்கச் சட்டத்தில் விளையாட்டில்லை. திருச்சபைச் சட்டம் 1191-இன்படி நேர்ச்சை என்பது இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, யோசித்து, சுதந்திரமாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. வட்டிக்கு வாங்கி, பிள்ளையின் ஃபீஸை நிறுத்தி நிறைவேற்ற வேண்டிய நேர்ச்சை ‘மேலான நன்மை’ என்ற சொல்லுக்குள் வராது. அப்படி மாட்டிக்கொண்டவர் பயந்து கடன் வாங்க வேண்டியதில்லை. தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவோ அதை மாற்றிக்கொடுக்கவோ பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு, போய்க் கேட்டால் போதும்.

கடைசியாக, அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுவது. ஒரு ஏத்தன் வாழைக்குலை கடைவிலையைவிடப் பத்து மடங்குக்குப் போவதில் எனக்குக் குறையில்லை. எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிற விளையாட்டு அது, பணம் சபைக்குப் போகிறது. இரண்டு குடும்பத்தின் பழைய பகை மைக்கில் ஏறி விலையைக் கூட்டுகிறது என்றால், மத்தேயு 5:23, 24 அவர்களுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறது: காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். நீங்கள் ஏலம் எடுப்பதாக இருந்தால் கையில் இருக்கிற தொகைக்குள் நில்லுங்கள், குலையை எடுத்த அன்றே பணத்தைக் கட்டுங்கள். அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையில் நிலத்தை விற்றது பாவமில்லை, ஒரு பங்கை வைத்துக்கொண்டதுகூடப் பாவமில்லை. ‘விற்றபின்பும் அது உன் வசத்தில்தானே இருந்தது’ என்று பேதுரு அவனிடம் சொல்கிறான். எல்லார் முன்னாலும் ஒரு தொகையை முழுசு என்று காட்டியதில்தான் விழுந்தார்கள். அடுத்த அறுப்பு வரும்வரை போன வருஷத்து ஏலப் பாக்கி நோட்டில் கிடக்கிற சபைகளில், அந்த அதிகாரத்தை ஏலத்துக்கு முன்பே வாசித்துவிடலாம்.